வருடம் பொய் சொல்லும் வெள்ளி டாலர்

இரண்டாம் உலகப் போரின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக அமெரிக்கா வெளியிட்ட வெள்ளி டாலரை விற்பனைப் பட்டியல்களில் ஒருவர் ‘1991 டாலர்’ என்று போட்டிருப்பார், இன்னொருவர் ‘1995’ என்பார். சிலர் துணிந்து ‘1944 வெள்ளிக்காசு’ என்றே எழுதிவிடுவார்கள். அமெரிக்க நாணயச்சாலை இதை அடித்து விற்றதோ 1993இல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதன் ஐம்பதாம் ஆண்டு 1991 டிசம்பரில் வந்தது, போர் முடிந்ததன் ஐம்பதாம் ஆண்டு 1995இல் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து ‘1991–1995’ என்று பொறித்துவிட்டார்கள். அடித்த ஆண்டு காசில் எங்குமே கிடையாது. தேடும்போது 1944, 1991, 1993, 1995 என நான்கு ஆண்டுகளையும் போட்டுத் தேடினால்தான் எல்லாப் பட்டியலும் கண்ணில் படும். ஆண்டைத் தவறாகப் போட்டவரிடம் விலை குறைவாக இருப்பதும் உண்டு.

இதற்கான சட்டம் 1992 அக்டோபர் 14 அன்று நிறைவேறியது. மூன்று காசுகள்: அரை டாலர், ஒரு டாலர், ஐந்து டாலர். ஐந்து டாலர் தங்கம், ஒரு டாலர் வெள்ளி. அரை டாலரில் ஒரு குண்டுமணி வெள்ளிகூடக் கிடையாது. நடுவில் செம்பு, இருபுறமும் செம்பு-நிக்கல் தகடு. ஆனால் அரை டாலரையும் ஒரு டாலரையும் ஒரே பெட்டியில் வைத்து விற்ற செட் நிறைய உண்டு. அதை ‘இரண்டு வெள்ளிக்காசு’ என்று விற்பவர்களும் உண்டு. விளிம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: அரை டாலரின் விளிம்பில் செம்புக் கோடு ஓடும். அதன் எடை 11.34 கிராம், குறுக்களவு 30.6 மி.மீ. செட்டாக வாங்குபவர் வெள்ளிக் கணக்கில் இந்தக் காசைச் சேர்க்கவே கூடாது.

வெள்ளி டாலர், 1944இல் நேச நாட்டுப் படைகள் கரையேறிய பிரான்சின் நார்மண்டிக்கு உரியது. முன்பக்கத்தில் நார்மண்டிக் கடற்கரையில் ஏறும் ஓர் அமெரிக்கச் சிப்பாய். பின்பக்கத்தில் நேச நாட்டுப் படைகளின் மேற்கு ஐரோப்பியத் தலைமையகமான ஷேஃபின் தோள்பட்டைச் சின்னமும், அதன் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் படையினருக்கு விடுத்த அன்றைய ஆணையின் வரிகளும். உங்கள் துணிவிலும் கடமை உணர்விலும் போர்த்திறனிலும் எனக்கு முழு நம்பிக்கை உண்டு, முழு வெற்றிக்குக் குறைந்த எதையும் ஏற்கமாட்டோம் என்பது அதன் சாரம். இருபக்கமும் தாமஸ் ரோஜர்ஸ் வடிவமைத்தவை. 2000இல் வந்த சகாஜவியா டாலரின் பின்பக்கத்தில் பறக்கிற கழுகும் இவர் கைவண்ணம்தான்.

‘டி-டே’ எனப்படும் 1944 ஜூன் 6 அன்று கரையேறியவர்களும் வானிலிருந்து குதித்தவர்களுமாகச் சுமார் 1,56,000 பேர். யூட்டா, ஒமாஹா கடற்கரைகள் அமெரிக்கர்களுக்கு; கோல்ட், ஸ்வோர்ட் பிரிட்டிஷாருக்கு; ஜூனோ கனடியர்களுக்கு. பிரெஞ்சு கமாண்டோக்களும் போலந்துக் கப்பல்களும் உடன் இருந்தன. காசின் முகப்பிலோ ஒரே ஒரு அமெரிக்கன். ‘நேச நாடுகள்’ என்கிற விஷயம் முழுக்கப் பின்பக்கத்துச் சின்னத்தின் தலையில்தான் விழுகிறது. அந்தச் சின்னத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு இது வெறும் அமெரிக்கக் காசு.

சின்னத்தில் என்ன இருக்கிறது? கேடயம் ஒன்று. அதன் கறுப்புத் தளம் நாஜி ஒடுக்குமுறையின் இருட்டு. நடுவே தீப்பிழம்போடு நிமிர்ந்து நிற்கும் வாள் விடுதலைப் படை. மேலே வளையும் வானவில்லில் நேச நாடுகளின் கொடி நிறங்கள் அத்தனையும் அடக்கம். அதற்கும் மேலே நீலப் பட்டை அமைதி. அதாவது சின்னத்தின் பொருள் முழுவதும் நிறத்தில் இருக்கிறது. காசுக்கோ ஒரே நிறம். கறுப்பும் நீலமும் வானவில்லும் வெள்ளியில் மேடு பள்ளமாகவும் கோடாகவும் சுருங்கிவிடுகின்றன. கூட்டணியைச் சொல்ல வந்த இடத்திலேயே உலோகம் கையை விரித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பிரிட்டன் 1994இல் வெளியிட்ட ஏழு முனை 50 பென்ஸ் காசு இதைவிடப் புத்திசாலித்தனமானது. அதில் ஆளே இல்லை: கப்பல்களும் விமானங்களும் திரளாக ஒரே திசையில் போகின்றன, எந்த நாட்டுடையவை என்ற கேள்வியே எழாது. 60 லட்சத்துக்கு மேல் அடித்துப் புழக்கத்திலும் விட்டார்கள். வெள்ளியில் தனியாக ப்ரூஃப் (சேகரிப்பாளர்களுக்காகச் சிறப்பாக மெருகேற்றி அடிப்பது) பதிப்பும் உண்டு. புழங்கிய காசு செம்பு-நிக்கல், 30 மி.மீ., 13.5 கிராம், அந்தப் பெரிய அளவு 1998இல் செல்லாததாகிவிட்டது.

டாலருக்கு வருவோம். இரண்டு வகை. டென்வரில் அடித்த யு.என்.சி. (சாதாரண முறையில் அடித்த, புழங்காத) காசில் ‘டி’ முத்திரை. வெஸ்ட் பாயின்ட்டில் அடித்த ப்ரூஃபில் ‘டபிள்யூ’ முத்திரை. ப்ரூஃபுக்கு அச்சின் தட்டையான பகுதியைக் கண்ணாடியாக மெருகேற்றி, உருவப் பகுதியை மணல்பூச்சுப்போல் சொரசொரப்பாக்கி, ஒரே வில்லையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவார்கள். அதனால் தட்டையான களம் கறுத்த கண்ணாடியாகவும் சிப்பாய் வெண்பனியாகவும் தெரியும். சின்னத்தின் இழந்த நிறங்களுக்கு ஈடாகக் கிடைத்தது இந்த இரண்டு தொனி மட்டுமே. ஆகவே ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எங்கள் கட்சி ப்ரூஃப்தான். யு.என்.சி.யில் எல்லாம் ஒரே மங்கல் வெள்ளை. ஆனால் எண்ணிக்கையில் யு.என்.சி. குறைவு: சுமார் 1,07,000. ப்ரூஃப் சுமார் 3,42,000. சட்டம் அனுமதித்ததோ 10 லட்சம். பாதிகூட விற்கவில்லை. அந்தப் பத்தாண்டில் நினைவுக்காசுகளை அமெரிக்கா மழைபோலக் கொட்டியது. சேகரிப்பாளர்கள் சலித்துப்போய், 1999 முதல் ஆண்டுக்கு இரண்டு நிகழ்வுகளுக்கு மேல் நினைவுக்காசு கூடாது என்று நாடாளுமன்றமே கடிவாளம் போட்டது. விற்ற விலையில் கூடுதல் கட்டணமாக ஒரு பகுதி முதலில் நார்மண்டி நினைவிடத்துக்கும், அடுத்து வாஷிங்டனில் 2004இல் திறந்த இரண்டாம் உலகப் போர் நினைவிடத்துக்கும் ஒதுக்கப்பட்டது. காசை முதலில் வாங்கியவர் அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டார். இன்று கைமாறும் விலையில் அதற்கு இடமில்லை.

எனவே இன்றைய விலை என்பது வெள்ளி, அதன்மேல் ஒரு சிறு கூடுதல். அந்தக் கூடுதல் முழுக்க முழுக்கக் காசின் தோலில் இருக்கிறது. தோல் போனால் அது 90 டச் (90 விழுக்காடு தூய) வெள்ளித்துண்டு, அவ்வளவுதான்.

கணக்கு இது. எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மி.மீ., வெள்ளி 90 விழுக்காடு, செம்பு 10. சுத்த வெள்ளி 24.06 கிராம். அன்றைய சுத்த வெள்ளி கிராம் விலையை 24ஆல் பெருக்கினால் அடிமதிப்பு கையில் வந்துவிடும். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், விக்டோரியா ராணி ரூபாய் ஒன்றில் சுத்த வெள்ளி 10.69 கிராம், இந்த டாலர் அதில் இரண்டேகால் ரூபாய். 26.73 என்ற விசித்திர எண் 1837இல் வந்த சட்டத்தின் மிச்சம்: 412.5 கிரெயின். 1878இல் தொடங்கிய பழைய அமெரிக்க வெள்ளிக்காசான மார்கன் டாலரும் இதே எடை, இதே அகலம். 2019இலிருந்து வரும் அமெரிக்க வெள்ளி நினைவுக்காசுகள் 99.9 விழுக்காட்டுக்கு மாறிவிட்டன. அவற்றின் கணக்கை இதற்குப் போடாதீர்கள்.

சோதனையைத் தராசிலிருந்து தொடங்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசு போதும், ஆனால் தெரிந்த எடைக்கல் ஒன்றை வைத்துச் சரிபார்த்துவிட்டு நிறுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள்; விசிறிக் காற்றில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். 0.1 கிராம் வரை ஏற்ற இறக்கம் இயல்பு. 26.4 காட்டினால் சந்தேகப்படலாம். வெர்னியரால் விட்டத்தை அளக்கும்போது உலோகத் தாடை விளிம்பைக் கீறும், பிளாஸ்டிக் வெர்னியர் வாங்குங்கள்.

எடை சரி, அகலம் சரி. அப்படியும் போலியாக இருக்கலாமா? இருக்கலாம், ஆனால் தடிமன் காட்டிக்கொடுக்கும். இந்தக் கலவையின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 10.3 கிராம். செம்பு, பித்தளை, செம்பு-நிக்கல் எல்லாம் 9க்குக் கீழே. அதே எடைக்கு அடிக்க வேண்டுமானால் போலிக்காரர் காசை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தடிமனாக்க வேண்டும். தடிமனை ஒழுங்காக வைத்தால் எடை 23 கிராம் பக்கம் இறங்கிவிடும். ஏதாவது ஒன்றில் மாட்டித்தான் ஆக வேண்டும். மேல்பூச்சு எவ்வளவு அசலாக இருந்தாலும் இந்த உலோகங்களுக்கு விதிவிலக்கு கிடையாது. ‘ஜெர்மன் சில்வர்’ என்று பெயரிலேயே வெள்ளியை வைத்துக்கொண்டு வெள்ளியே இல்லாத உலோகமும் இந்த இடத்தில்தான் விழும்.

அடர்த்தியை நேரடியாகவே அளந்துவிடலாம். தராசில் பாதி டம்ளர் தண்ணீர் வைத்து, சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் பிடியுங்கள். தராசு காட்டும் எண் காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. அசலுக்கு 2.59 வர வேண்டும். சித்திரை வெயிலில் 30 பாகைக்குச் சூடேறிய தண்ணீரில் 2.58 வரும். செம்புப் போலி, எடை சரியாக இருந்தால், 3 கிராமைத் தொடும். இதில் வழக்கமாக நேரும் தவறுகள் இரண்டு. காசில் ஒட்டிய காற்றுக்குமிழ் எண்ணை ஏற்றிவிடும், நூலை மெதுவாக ஆட்டி விரட்டுங்கள். காசு அடியைத் தொட்டால் அதன் எடையே தராசில் இறங்கி எண் தாறுமாறாக ஏறும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்குங்கள். உப்புத்தண்ணீர் காய்ந்தால் வட்ட வட்டமாகத் திட்டு விழும். ப்ரூஃப் காசை இந்தச் சோதனைக்கே உட்படுத்த வேண்டாம். கேப்ஸ்யூலோடு (காசை மூடிவைக்கும் வட்டமான பிளாஸ்டிக் உறை) எடைபோட்டு, இதே மாதிரிக் காலி கேப்ஸ்யூலின் எடையைக் கழித்தால் போதும்.

காந்தச் சோதனை பலரும் பாதி தெரிந்து செய்வது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது, ஆகவே ‘ஒட்டவில்லை’ என்பது எதையும் நிரூபிக்காது. கேப்ஸ்யூலைச் சரிவாகப் பிடித்து ஒரு சிறு நியோடிமியம் காந்தத்தை வழுக்கவிட்டால் கதை வேறு. வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் காந்தம் நகரும்போது காசுக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து அதைத் தடுக்கும், காந்தம் தேன்போல மெதுவாக இறங்கும். செம்பு-நிக்கலில் சரசரவென்று விழுந்துவிடும். ஆனால் வெள்ளி முலாம் பூசிய செம்பிலும் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் இது தராசுக்குத் துணை, மாற்று அல்ல.

நகைக்கடைக்குப் போவதானால் ஒரே எச்சரிக்கை: உரைகல்லில் உரசவிடாதீர்கள். ஒரு உரசலோடு சேகரிப்பு மதிப்பு முடிந்தது. இயந்திரத்தில் வைத்து டச் பார்க்கச் சொல்லலாம், ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் ஏமாறும். அசலிலும் 90க்குப் பதில் ஒன்றிரண்டு கூடக் காட்டலாம், கலவையில் மேல்தோலில் செம்பு குறைந்திருப்பது சகஜம்.

இனி, இந்தக் காசுகள் எங்கே சாகின்றன என்பது. போலியால் கெட்டவற்றைவிட அன்பால் கெட்டவை அதிகம். வெள்ளி விளக்கையும் குங்குமச்சிமிழையும் விபூதி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, கறுத்த காசைப் பார்த்ததும் சும்மா இருக்காது. விபூதி, பற்பொடி, பற்பசை எல்லாமே நுண்ணிய அரம். விளக்கில் பளபளப்பாகத் தெரிவது காசில் தலைமயிர்போன்ற ஆயிரம் கீறலாக இருக்கும். விளக்கொளியில் சாய்த்துச் சுழற்றினால் ஒரே திசையில் ஓடும் கோடுகள் மின்னும். யு.என்.சி. காசின் பளபளப்பு, அச்சின் அழுத்தத்தில் உலோகம் வெளிநோக்கி வழிந்ததால் உண்டான மெல்லிய ரேகைகளிலிருந்து வருகிறது. அந்த ரேகைகளை அழித்துவிட்டால் திரும்ப உண்டாக்க வழியில்லை.

கறுப்பது துரு அல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: முதலில் வெளிர் மஞ்சள், பின் பொன்னிறம், செம்பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கறுப்பு. பொன்னும் நீலமும் கலந்து சீராகப் படர்ந்திருந்தால் கூடுதல் விலை தருபவர்களும் இருக்கிறார்கள். அதைத் தேய்ப்பவர் காசு கொடுத்துக் கெடுக்கிறார். கடையில் கிடைக்கும் வெள்ளி கழுவும் அமிலத் திரவம் படலத்தோடு சிறிதளவு வெள்ளியையும் கரைக்கும். ஒருமுறை முக்கினால் தப்பலாம், பலமுறை முக்கிய காசு உயிரற்ற சாம்பல் வெள்ளையாகிவிடும். சரியாக அலசாவிட்டால் பழுப்புத் திட்டு விழும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் கொண்ட வித்தை தட்டு டம்ளருக்கு அருமையானது. ப்ரூஃபில் கண்ணாடிக்களம் பழையபடி திரும்பாது.

செய்யத் தகுந்த சுத்தம் ஒன்றே ஒன்று, அதுவும் கறுப்புக்கு அல்ல, பசைக்கு. பழைய பி.வி.சி. உறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த காசில் பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு கசிவு படியும். விட்டுவைத்தால் உலோகத்தை அரிக்கும். அதற்குத் தூய அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேறு, அதில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்து காசிலேயே ஒட்டலாம். முதல் கிண்ணத்தில் பத்து நிமிடம், இரண்டாவதில் புது அசிட்டோனில் சில நிமிடம், பிறகு விளிம்பைப் பிடித்துத் தூக்கி மெல்லிய காகிதத்தில் சாய்த்து வைத்தால் தானே உலரும். துடைக்கவே கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் அறையில் செய்யாதீர்கள். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அசிட்டோன் வெள்ளியையோ கறுப்புப் படலத்தையோ தொடாது, அதனால்தான் நம்பலாம்.

வைப்பதில் அகலம் முக்கியம். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் அமெரிக்க ஈகிள் காசின் கேப்ஸ்யூல் 40.6 மி.மீ.; அதில் இந்த டாலர் லொடலொடவென்று ஆடி விளிம்பு தேயும். 38.1 அல்லது மார்கன் டாலர் அளவு என்று கேட்டு வாங்குங்கள். நகைக்கடை வெல்வெட் பெட்டி, சந்தனப்பெட்டி, செய்தித்தாள், ரப்பர் பேண்ட், பீரோவின் பூச்சி உருண்டை இவை எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. மரமும் சாயத்துணியும் மெல்ல ஆவி விடும். நாணயச்சாலையின் அசல் பெட்டியும் இதற்கு விலக்கல்ல. பெட்டியையும் சான்றிதழையும் தனியாக வைத்துக்கொண்டு, கேப்ஸ்யூலைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. கடலோர ஊர்களில் ஜெல்லின் நிறம் மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே மாறிவிடும், சூடேற்றி மறுபடி போடுங்கள். ப்ரூஃபைக் கேப்ஸ்யூலுக்கு வெளியே எடுத்தால் அதன் மேல் பேசாதீர்கள். எச்சில் துளி இன்று தெரியாது, ஓராண்டில் கறுப்புப் புள்ளியாகும்.

வாங்கும்போது படத்தை நம்ப வேண்டாம். ப்ரூஃப் களம் கண்ணாடி என்பதால் ஒளிபடும் கோணத்தைப் பொறுத்துக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரியும், கீறலும் மூட்டமும் மறைந்துகொள்ளும். சாய்வான ஒளியில் இரண்டு படம் கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை, இது கிடைக்காத காசு அல்ல. தரம் பார்க்கும் நிறுவனங்களிடம் 70க்கு 69 மதிப்பெண் பெற்று, ஸ்லாப் எனும் மூடிய பிளாஸ்டிக் பேழையில் அடைத்தவை ஏராளம். வெறும் காசைவிட அவற்றுக்குப் பெரிய விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. நல்ல காசாக இருக்கிறதே என்று இங்கிருந்து தரம் பார்க்க அனுப்பினால் போக்குவரத்தும் கட்டணமும் சேர்ந்து காசின் விலையையே தாண்டிவிடும். சான்றிதழ் அட்டையை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் காசுக்குரிய எண் எதுவும் இல்லை. எந்தக் காசோடும் எந்த அட்டையும் சேரலாம். மதிப்பு எழுதாத, நாடு பெயர் இல்லாத ‘டி-டே வெள்ளிக்காசு’ எல்லாம் தனியார் பதக்கங்கள். பல வெறும் முலாம். இதில் ‘ஒன் டாலர்’ என்ற சொல்லும் நாட்டின் பெயரும் இருந்தே ஆக வேண்டும்.

விற்பதானால் நகைக்கடை கடைசி வழியாக இருக்கட்டும். அங்கே பழைய வெள்ளி விலைக்குத்தான் எடுப்பார்கள், அதிலும் கழிவு போகும். போயே ஆக வேண்டும் என்றால் 26.73ஐயும் 90 டச்சையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ‘உருக்கிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்றால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.